வேண்டாமா, கூடாதா

மயிலாப்பூர் தெற்கு மாடவீதியை ஒட்டிய சந்தில் குடியிருந்த வேம்புவுக்கு, அவள் ஆங்கிலம் நடத்திய பெண்கள் பள்ளியில் 'மஸ்ட் டீச்சர்' என்று பெயர். பெயர் வைத்த பிள்ளை யாரோ, அவளுக்கு இலக்கணம் வந்ததோ இல்லையோ, ஆளை எடைபோடத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் துணைவினை என்று ஒரு கூட்டம் உண்டு. கேன், மே, மஸ்ட், ஷுட், நீட் என்று பொடிப்பொடியாக இருக்கும். தனியாக விட்டால் காசுக்கு உதவாது. இன்னொரு வினைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் வாக்கியத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். ஓய்வுபெறும் வரை வேம்பு அந்தக் கூட்டத்தைத்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலும் அவளுக்குப் பரம விரோதி 'நீட் நாட்'. தப்பு அதன்மேல் இல்லை, நம்முடைய 'வேண்டாம்' மேல்தான் என்பாள். சாதம் போட வருகிறவரிடம் 'வேண்டாம்' என்கிறோம். கிணற்றை எட்டிப் பார்க்கிற குழந்தையிடமும் 'வேண்டாம்' என்கிறோம். முதலாவது தேவையில்லை, இரண்டாவது கூடாது. தமிழில் குரலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் தேவையில்லை என்பதற்கு 'நீட் நாட்', கூடாது என்பதற்கு 'மஸ்ட் நாட்'. நம் ஆட்கள் வேண்டாம் வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீட் நாட் என்று எழுதிவிடுவார்கள். வேம்பு குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் செயலாளர் கஸ்தூரிரங்கன் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரே வாசலில் 'இங்கே வண்டி நிறுத்த நீட் நாட்' என்ற பொருளில் ஒரு பலகை எழுதி மாட்டினார். நிறுத்தவேண்டிய அவசியமில்லை, ஆசையாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறீர்களே என்று வேம்பு மாடிப்படியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். மனிதர் மறுநாளே 'நீட்'டை அழித்து 'மஸ்ட்' எழுதினார். அந்த ஒரு சொல் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. வண்டிகள் என்னவோ அங்கேயேதான் நின்றன.

கணவர் சுப்பராமன் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். மனைவியின் இந்தக் கிறுக்கைக் கிண்டல் செய்துகொண்டே காலம் தள்ளிவிட்டார். "வேம்பு, எனக்கு இப்போ ஒரு காபி கிடைக்குமா, கிடைக்கலாமா, இல்ல கிடைச்சே ஆகணுமா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். ஒரே பெண் ஸ்ரீரஞ்சனி இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவள். சோற்றோடு சேர்த்து மஸ்டையும் நீட்டையும் ஊட்டித்தான் அவளை வளர்த்தார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. கல்யாணமாகிக் கணவன் ஷ்ரவணோடு நியூ ஜெர்சிக்குப் போய்விட்டாள்.

சுப்பராமனுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவர் மந்தைவெளி டாக்டர் முத்துகிருஷ்ணன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், தமிழ்வழியில் படித்து முன்னுக்கு வந்தவர், கைராசிக்காரர். ஆங்கிலம் வேகமாகப் பேசுவார், அந்த வேகத்தில் நடுநடுவே பள்ளம் விழும். சார் இனிமேல் ஸ்வீட் நீட் நாட் ஈட், மாம்பழம் நீட் நாட் ஈட் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினார். சுப்பராமனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அவசியமில்லை என்றுதானே டாக்டர் சொன்னார், கூடாது என்று சொல்லவில்லையே, உன் இலக்கணப்படி நான் சாப்பிடலாமே என்று அந்தக் கோடை முழுக்க பங்கனப்பள்ளியாகத் தின்று தீர்த்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிப்போய் மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது வேம்பு பொறுக்கமாட்டாமல் டாக்டரையே திருத்தினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பிறகு சுப்பராமனிடம் ஆங்கிலத்தை நம்பாமல், "கூடாது சார், கூடவே கூடாது" என்று தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார். ஆக, அவருடைய ஆங்கிலம் திருந்தியதா என்று தெரிந்துகொள்ள வேம்புவுக்குப் பிறகு வாய்ப்பே வரவில்லை. இது பின்னால் அவளை என்ன பாடு படுத்தியது என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்லவேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றேழாம் வருஷம் நவராத்திரி முடிந்த கையோடு சுப்பராமனுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் சுண்டலின்மேல் பழி போட்டார்கள். பிறகு சட்டை தொளதொளக்க ஆரம்பித்தது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் ஒரு கட்டி என்று வேம்புவிடம் தனியாகச் சொன்னார்கள். அவரிடம் வயிற்றில் புண் என்று சொல்லிவைத்தார்கள். கட்டி என்ன ஜாதி என்று டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு வேம்பு நடமாடினாள்.

அந்த நாட்களில் வீடு முழுக்கக் கட்டளைகள்தான். இந்த ஊசி போட்டே ஆகணும். எண்ணெய் கூடாது. உப்பு குறைக்கணும். மாத்திரையை விடவே கூடாது, வாராவாரம் முத்துகிருஷ்ணனிடம் காட்டியே ஆகணும். சுப்பராமன் முணுமுணுத்தார். வேம்புவுக்கு அதெல்லாம் தெம்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளை என்று கைவிட்ட பெண்ணை எந்த டீச்சரும் அதட்டமாட்டாள். அதட்டுகிறார்கள் என்றால் இன்னும் தேறும் என்று நினைக்கிறார்கள்.

ஸ்ரீரஞ்சனி அப்போது ஏழு மாதம். தை பிறந்த பிறகுதான் பிரசவம். புண் இல்லை, கட்டி என்று வேம்பு அவளுக்கு மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள், செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள், அப்பாவைப் பார்க்க வரட்டுமா என்று. எட்டாம் மாதம் தொடங்கிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். இந்த மாதம் விட்டால் குழந்தை பிறந்து, அதற்குத் தலை நின்ற பிறகுதான். சுப்பராமன் ஒரே பிடிவாதமாக மறுத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு புண்ணுக்காகக் கடல் தாண்டி வருவாளா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பார். வேம்புவும் வேண்டாம் என்றே சொல்லிவந்தாள். சொல்லும்போது பயமாகத்தான் இருந்தது. வரச்சொல்லி வழியில் அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆனால் என்ன செய்வது, வரவேண்டாம் என்று சொல்லி இங்கே ஒன்று ஆனால் என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் இடித்தது.

நவம்பர் கடைசி. வங்கக் கடலில் தாழ்வழுத்தம். கடலோர மாவட்டங்களில் கனமழை பெய்யக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்லவேண்டாம் என்று வானொலி ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, இருவரும் முத்துகிருஷ்ணனிடம் போனார்கள். அடையாறிலிருந்து ரிப்போர்ட் அவருக்கு வந்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார், உறையில் போட்டார். வழக்கமாக மருந்து எழுதும் தாளைத் தன் பக்கம் இழுக்கவில்லை. சுப்பராமனின் தோளைத் தட்டினார். பிறகு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்.

டாக்டர்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் எச்சரிக்கையாகிவிட வேண்டும். நல்ல சேதியைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

ஹி கேன் ஈட் வாட்டெவர் ஹி லைக்ஸ் என்றார். ஹி நீட் நாட் டேக் தீஸ் டேப்லெட்ஸ் என்றார். யூ நீட் நாட் கம் எவ்ரி வீக் என்றார். சுப்பராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார், காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். யூ கேன் சார் என்று சொல்லிவிட்டு டாக்டர் வேம்புவின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்க எழுந்து போனார்.

திரும்பும் வழியெல்லாம் சுப்பராமன் பேசிக்கொண்டே வந்தார். ஆட்டோவை நிறுத்தச்சொல்லி மழையில் இறங்கிப்போய்க் கால் கிலோ பாதுஷா வாங்கிவந்தார். வயிற்றுப் புண் ஆறிவிட்டது, அதனால்தான் கட்டுக்காவல் எல்லாம் எடுத்துவிட்டார் என்றார். வேம்பு மடியில் பாதுஷாப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அந்த நீட் நாட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை தேவையில்லை என்றால் ஒன்று உடம்பு சரியாகியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மாத்திரைக்கு வேலையில்லாமல் போயிருக்கவேண்டும். அவர் உடம்பு சரியாகவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த எலும்புத் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. முத்துகிருஷ்ணன் மாம்பழத்துக்கு நீட் நாட் போட்டவர் ஆயிற்றே. அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் என்றைக்குத் தெரிந்தது? மஸ்ட் நாட் என்று சொல்ல நினைத்துத்தான் நீட் நாட் என்று சொல்லியிருப்பார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பிடக் கூடாது, வேறு எழுதித் தருகிறேன் என்று அர்த்தம். வாராவாரம் வந்து அலையக் கூடாது, உடம்பு தாங்காது என்று அர்த்தம். எத்தனை விடைத்தாளில் அவள் சிவப்பு மையால் சுழித்த தப்பு அது. ஊரே செய்கிற தப்பை இந்த ஒரு மனிதர் மட்டும் செய்யாமலா இருப்பார்? யாருடைய இலக்கணமாவது தப்பாக இருக்கவேண்டும் என்று வேம்பு கபாலீசுவரரை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் வீட்டு வேலை செய்யும் புஷ்பம் நொச்சிக்குப்பத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். காபியில் சர்க்கரை விழுவதைப் பார்த்துக் கை வேலையை நிறுத்தினாள்.

"இன்னாமா, ஐயாவுக்குச் சக்கரை போட்றே?"

"டாக்டர் எது வேணும்னாலும் சாப்பிடலாம்னுட்டார்."

"எது வோணுமோ துன்னலாம்னா சொன்னாரு?" என்று புஷ்பம் கேட்டாள். "எங்க நைனாவுக்கும் அப்டித்தாம்மா..." என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அவள் அப்பா என்ன ஆனார் என்று வேம்பு கேட்கவில்லை. அன்று முழுக்கப் பாத்திரம் துலக்குகிற சத்தம் கூட அவளுக்குக் கலவரமாக இருந்தது. சுப்பராமன் பாதி பாதுஷாவைத் தின்றுவிட்டு, மீதியை வைத்துவிட்டார். வேண்டும் என்றிருந்ததெல்லாம் கிடைத்தபோது அவருக்குப் பசி போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், ஜன்னலுக்குத் திரைத்துணி பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டு வேம்பு தனியாக மந்தைவெளிக்குப் போனாள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குடையை எடுக்க மறந்திருந்தாள். கிளினிக்கில் கூட்டமில்லை. ஈரப் புடவையோடு டாக்டர் எதிரில் உட்கார்ந்து, பரீட்சை அறையில் கேட்பதுபோல் ஆங்கிலத்திலேயே கேட்டாள், மாத்திரையைப் பற்றி நீங்கள் சொன்னது மஸ்ட் நாட்டா, நீட் நாட்டா என்று.

டாக்டர் தமிழில் பதில் சொன்னார். "மாத்திரை வேண்டாம்மா."

கெட்டிக்காரத்தனமான பதில். இரண்டு அர்த்தமும் அதற்குள் இருந்தது. எதை எடுத்துக்கொள்கிறாயோ எடுத்துக்கொள் என்று கருணையோடு நீட்டிய பதில். வேம்பு அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். நியூ ஜெர்சியில் ஒருத்தி விமானம் ஏறட்டுமா வேண்டாமா என்று காத்திருந்ததால் அவளால் முடியவில்லை.

"வேண்டாம்னா எது டாக்டர்? கூடாதுன்னு சொல்றேளா, தேவையில்லைன்னு சொல்றேளா?"

முத்துகிருஷ்ணன் மேஜைமேல் இருந்த பேனாவை மூடினார். "நீங்க அன்னிக்குத் திருத்தினதுக்கு அப்புறம் நான் அந்த ரெண்டையும் மாத்திச் சொல்றதே இல்லம்மா," என்றார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, "தேவையில்லம்மா," என்றார்.

பொங்கல் வரைக்கும் இருப்பாரா என்று கேட்டாள். இருக்கலாம் என்றார். அந்த 'லாம்' எந்த ரகம் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெண்ணை வரச்சொல்வதாக இருந்தால் நாள் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அவருடைய ஆங்கிலத்தைத் திருத்திய அந்த நாளை நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? திருத்தாமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு வாரமாவது அந்தத் தப்பில் குடியிருந்திருக்கலாம்.

மாடவீதி முனையில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்தில் விளக்கு எரிந்தது. இசக்கிமுத்து என்கிற அந்தக் கடைக்காரர், வாங்கம்மா லைன் நல்லா இருக்கு என்று கூப்பிட்டார். உள்ளே போய், எண்களைச் சுழற்றி, என்னவென்று சொல்வது? உன் அப்பா போகப்போகிறார் என்று சொன்னால், ஏழு மாதச் சுமையோடு அந்தப் பெண் இருபது மணி நேரம் அந்த வார்த்தையோடு தனியாகப் பறந்து வரவேண்டும். சொல்லாவிட்டால் வரவே மாட்டாள். வேம்பு பூத்தின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாளை அவளே பேசுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு நடந்தாள். தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. காலையில் போன் மணி அடித்தபோது சுப்பராமன் சாய்வு நாற்காலியை அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு காத்திருந்தார். வேம்பு எட்டுவதற்குள் எடுத்துவிட்டார். எட்டியிருந்தாலும் அவர் காது கேட்க அவளால் எதைச் சொல்லியிருக்க முடியும்? சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வியாழக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னார். டாக்டர் சொன்ன ஆங்கிலத்தை அப்படியே, அந்தக் கோவில்பட்டி ராகத்தோடு நடித்துக்காட்டினார். ஹி கேன் ஈட் வாட்டெவர் ஹி லைக்ஸ். ஹி நீட் நாட் டேக் தீஸ் டேப்லெட்ஸ். வாராவாரம் காட்டவும் நீட் நாட்டாம், உங்கம்மா கையால் சர்க்கரை போட்ட காபி சாப்பிடுகிறேன், இதற்குமேல் என்ன வேண்டும் என்றார். அதனால் நீ வந்து அலையாதே, யூ நீட் நாட் கம் என்று சிரித்தார்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஹலோ? ஹலோ, ரஞ்சனி? மழையில லைன் போயிடுத்துபோல இருக்கு," என்று போனைக் குலுக்கிப் பார்த்து வேம்புவிடம் நீட்டினார். "நீ பாரு."

லைன் இருந்தது. தூரத்தில் மூச்சு விடுகிற சத்தம் வேம்புவுக்குக் கேட்டது.

"அம்மா," என்றாள் ஸ்ரீரஞ்சனி. குரல் சின்னதாக இருந்தது. "நீட் நாட்னா சொன்னார்?"

"ஆமாம்."

"மஸ்ட் நாட்டைத்தான் தப்பா அப்படிச் சொல்லியிருப்பாரோ? எல்லாரும் சொல்லுவாளே."

நாற்காலியில் சுப்பராமன் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேம்பு அவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இல்லடி. நான் போய்க் கேட்டுண்டு வந்துட்டேன். சரியாத்தான் சொல்லியிருக்கார்."

சுப்பராமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அமெரிக்காவுக்கே கேட்கட்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினார். "கேட்டியா ரஞ்சனி? இத்தனை வருஷத்துல உங்கம்மா முதல் தடவையா ஒருத்தரோட இங்கிலீஷை ரைட்டுன்னுட்டா."

வேம்பு அவருக்காகச் சிரித்தாள். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள், உள்ளே கேட்கிற அழுகை வெளியே வந்துவிடக்கூடாதே என்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வரட்டுமா, வரலாமா என்று இந்த முறை ஸ்ரீரஞ்சனி கேட்கவில்லை. "வரேம்மா," என்றாள். வேம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.